அறையில் வைத்த பிள்ளைகளும் அவர்தம் கல்வியும்

(ஆரணியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்களில் நம் செயலாளர் எம் இல்லம் போந்து, இக்கூட்டத்தில் தமிழ்க் காப்பியம் ஒன்றைக் குறித்துப் பேசல் வேண்டும் எனப் பணித்தார். யாமும் இசைந்து குறிப்பெழுதத் தொடங்கினோம். அதற்கிடையே நம்மவர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் செல்ல நேர்ந்தது. மணமகளுக்கு ஒரு தம்பி உண்டென்பது எமக்குத் தெரியும். அவனை மேடையிலும் காணோம், பந்தியிலும் காணோம். மணமகளின் பாட்டியாரை வினவியபோது, அவர் எம்மைத் தூண் மறைவிற்கு அழைத்துச் சென்று, "ஐயா, அவனை வீட்டில் அறைக்குள் விட்டு அத்தையைக் காவல் வைத்து வந்திருக்கிறோம், சம்பந்தி வீட்டார் கண்ணிற் பட்டால் அடுத்த பெண்ணுக்கு வரன் அமையாது" என்று கூறிக் கண் கலங்கினார். அன்றிரவு காப்பியக் குறிப்பை மூடிவைத்தோம். நீங்கள் எதிர்பார்த்து வந்த பொருள் வேறாயின் பொறுத்தருள்க.

அப்பிள்ளை டவுன் சிண்ட்ரோம் எனப்படும் பிறவி நிலையுடையவன். அத்தகைய பிள்ளைகளை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். கண்கள் சற்றே மேனோக்கிச் சாய்ந்திருக்கும். மூக்கின் நடு தாழ்ந்திருக்கும். கை குறுகியும் உடல் துவண்டும் இருக்கும். நடையும் பேச்சும் காலந்தாழ்ந்து வரும். ஆயிரம் பிறப்புக்கு ஒன்றேனும் இவ்வாறு நிகழ்கின்றது என்பர் மருத்துவர். ஆதலின் ஆரணி போன்ற ஊரில் இஃது ஓரில்லத்துச் செய்தியன்று.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது சொல்வோம். பெயராராய்ச்சி எம் தொழிலாதலின் இதனை விட மனம் வரவில்லை. தந்தையார் ஒருவர், "டவுன் என்றால் ஆங்கிலத்தில் தாழ்வு அல்லவா? என் பிள்ளையைத் தாழ்ந்தவன் என்று சீட்டிலே எழுதிக் கொடுத்துவிட்டார்களே" என்று எம்மிடம் வருந்தினார். அவ்வாறன்று. ஜான் லாங்டன் டவுன் என்பவர் இங்கிலாந்து தேயத்து மருத்துவர். அவர் 1866-ஆம் ஆண்டில் இந்நிலையை முதன்முதல் விரித்தெழுதினாராதலின் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. அவரும் பிழை செய்யாதவரல்லர். இப்பிள்ளைகளின் முகத்தை மங்கோலிய நாட்டாரின் முகத்தோடு ஒப்பிட்டு அவ்வினத்தின் பெயரையே இவர்க்கு இட்டுவிட்டார். அப்பெயர் பிழையென்று 1961-இல் அறிஞர் பலர் கூடி எழுதினர்; பின்னர் மங்கோலிய நாட்டார் வேண்டிக்கொள்ள, உலக சுகாதார நிறுவனம் 1965-இல் அதனைக் கைவிட்டது. எனினும் அம்மருத்துவர் செய்த நன்மை பெரிது. பிறர் இப்பிள்ளைகளை அடைத்து வைத்த காலத்தில், அவரும் அவர் மனைவி மேரியும் 1868-இல் நார்மன்ஸ்பீல்டு என்னும் இல்லத்தை நிறுவி அவர்களுக்குக் கைத்தொழிலும் பாட்டும் பயிற்றினர். 1879-இல் அங்கே ஒரு நாடக அரங்கமே கட்டினர். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னர் அங்கே மேடை ஏறினார்கள் இப்பிள்ளைகள். நாமோ இன்று மணமேடைக்கு அருகிலும் வரவிடோம்!

இனிக் காரணம் யாதெனின், மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிழைகள் நாற்பத்தாறு உள. இப்பிள்ளைகளுக்கு இருபத்தொன்றாம் எண்ணுடைய இழை இரண்டாக இல்லாமல் மூன்றாக அமைந்து, மொத்தம் நாற்பத்தேழாகிவிடுகின்றது. பாரிசு நகரத்தில் மார்த்தே கொத்தியே என்னும் அம்மையார் உயிரணுக்களை வளர்த்துக் காட்ட, லெழன், துர்ப்பேன் என்போருடன் சேர்ந்து 1959-இல் இவ்வுண்மை வெளியாயிற்று. நம் தறியில் பாவு ஓட்டும்போது இழையொன்று மிகுமாயின் ஓட்டியவர் கையைக் குறை கூறுவோம். ஈண்டு அவ்வாறு குறை கூறத்தக்கார் ஒருவரும் இலர். கரு உருவாவதற்கு முன்னரே, முட்டையோ விந்தோ பகுபடுங்காலத்தில் நேரும் பிறழ்ச்சி இது. கிரகணத்தில் தாய் வெளியே வந்ததனால் நேர்ந்ததன்று. உண்ட உணவினால் நேர்ந்ததன்று. முன்னோர் செய்த பாவமும் அன்று. ஆயினும் நம் இல்லங்களில் மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை எல்லோரும் மருமகளையே சுட்டுகின்றனர். தாயின் வயது முப்பத்தைந்தைக் கடந்தால் இந்நிலை நேரும் வாய்ப்பு மிகும் என்பது மெய். ஆனால் இளந்தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுதலின், இப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் இளந்தாயர் வயிற்றிலேயே பிறக்கின்றனர்.

நம்மவருள் மாமன் மகள், அத்தை மகன் என உறவிலே மணம் முடிப்பது வழக்கமாதலின், அதனால்தான் இவ்வாறாயிற்றோ என்று பலர் வினவுகின்றனர். உறவு மணத்தினால் வேறு சில பிறவிக் குறைகள் மிகும். அதனை யாம் மறைக்கவில்லை. ஆனால் இந்நிலைக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. நூற்றுக்கு மூன்று நான்கு பேர்க்கு மட்டும் மிகையிழை வேறோர் இழையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அவ்வகை சில வேளை தந்தை அல்லது தாய் வழியாக வரலாம். குழந்தையின் குருதியைச் சோதித்தால் எவ்வகை என்பது விளங்கும். அக்காள் தங்கையரின் மணப்பேச்சைக் கண்மூடித் தடுப்பதை விட்டு, அச்சோதனைச் சீட்டை மருத்துவரிடம் காட்டி ஐயந் தெளிவதே அறிவுடைமை.

இனிச் சொல்லப்போவது எமக்கே நாணந் தருவது. பல ஆண்டுகளுக்கு முன், நம் தெருவிலிருந்து இத்தகைய சிறுவன் ஒருவனை அவன் தாய் யாம் பணியாற்றிய பள்ளியில் சேர்த்தார். யாம் அவனைக் கடைசிப் பலகையில் அமர்த்தினோம். எம் வகுப்பில் பாடம் நடக்கும் முறை உங்களுக்குத் தெரியும். யாம் முன்மொழிவோம், பிள்ளைகள் பின்மொழிவர். நாற்பது வாய்கள் ஒருங்கே ஒலிக்கும். அவன் மட்டும் எம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். முன்னாள் சொன்னது மறுநாள் அவனிடம் இராது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து, கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடத்தையும் உவமை கூறுகின்றதன்றோ? யாம் பண்டிதப் படிப்புப் படித்த செருக்கில் அவனுக்கு இல்லிக்குடம் என்றே பெயரிட்டோம். வகுப்பு முழுதும் நகைத்தது. அவனும் எல்லோருடனும் சேர்ந்து நகைத்தான். நான்கு ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே குறியிட்டோம். அவன் தன் பெயரைத் தானே எழுதக் கற்காமல் சென்றான். நாள்தோறும் எம் மேசைமீது கிடந்த வண்ணச் சுண்ணக்கட்டிகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குவான். குறும்பு செய்கின்றான் என்று கையைத் தட்டிவிட்டோம். அவன் அடுக்கியதே எமக்குக் காட்டிய விடை என்பது அன்று தோன்றவில்லை.

பின்னரே கற்றோம். இப்பிள்ளைகளுட் பலர்க்குக் காதால் கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்தும் ஆற்றல் குறைவு. கண்ணால் கண்டதைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் அதனினும் மேல். அங்ஙனமாயின், செவிவழி ஓதுவிக்கும் எம் முறையினும் அவர்களுக்குப் பொருந்தாத முறை வேறொன்றில்லை. குடத்திலே ஓட்டை என்று கூறினோம். ஊற்றியவர் ஊற்றிய இடம் வாயன்று.

இங்கிலாந்தில் லெசுலி டஃபன் என்னும் தந்தையார் ஒருவர் தம் மகள் சாராவுக்கு மூன்று வயதிலேயே அட்டைகளில் சொற்களை எழுதிக் காட்டிப் படிப்பித்தார். பேச்சு வராத பிள்ளைக்குப் படிப்பு எங்ஙனம் என்று உலகம் நினைத்திருக்க, படித்த சொற்களினின்றே அவளுக்குப் பேச்சு வளர்ந்தது. அவர் 1980-இல் போர்ட்ஸ்மத் நகரத்து உளநூலறிஞர் சூ பக்லி என்னும் அம்மையாருக்கு இதனை எழுத, அம்மையார் ஆராய்ந்து, இப்பிள்ளைகளுட் பலர் இளமையிலேயே படிக்க வல்லர் என்று காட்டினார். யாம் மிக வியந்த செய்தி இது. நம் அரிச்சுவடி வழக்கில் எழுத்து முன், சொல் பின். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் முடிந்தாலன்றிச் சொல்லுக்குச் செல்லோம். இப்பிள்ளைகளோ சொல்லை ஒரு படம்போல முழுமையாகக் கண்டு கொள்கின்றனர். எழுத்தைச் சொல்லினின்று பிற்பாடு பிரித்துக் கொள்ளலாம்.

செய்முறை எளிது. வீட்டில் புழங்கும் சொற்கள் நான்கினை எடுங்கள். அம்மா, பால், தறி, பிள்ளையின் பெயர். ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் இரண்டிரண்டு அட்டையில் எழுதுங்கள். முதலில் ஒன்றைப் போன்ற மற்றொன்றை அதன்மேல் வைக்கச் செய்யுங்கள். அது பழகிய பின், "பால் எங்கே?" என வினவி எடுக்கச் செய்யுங்கள். அதன் பின்னரே அட்டையைக் காட்டி, "இஃது என்ன?" எனக் கேளுங்கள். பேச்சு வாராத பிள்ளை கையால் காட்டினும் விடையே. தவறினால் "இல்லை" எனச் சினவாமல், சரியான அட்டையை நீங்களே அவன் கையில் வைத்து மீண்டும் தொடங்குங்கள். தவறிய விடையே அவன் மனத்தில் பதிந்துவிடக் கூடாது. ஒருநாளைக்குப் பத்து நிமிடம் போதும். எண் கற்பது இவர்களுக்குப் படிப்பினும் கடிது. வாய்பாடு ஓதுவித்தலை விட்டு, தார்க்குச்சிகளை ஐந்தும் பத்துமாக எண்ணிக் கட்டச் சொல்லுங்கள், கடைக்கு அனுப்பிச் சில்லறை வாங்கி வரச் சொல்லுங்கள்.

சட்டை அணிதல், பல் துலக்குதல் முதலியவற்றையும் கற்பித்தே தீரவேண்டும். அதற்கு ஒரு நுட்பம் உண்டு. சட்டை அணிவதைப் பத்துப் படியாகப் பகுத்து, ஒன்பது படியை நாமே செய்து, கடைசிப் படியை மட்டும் பிள்ளைக்கு விடுதல். அது கைவந்த பின் கடைசி இரண்டு. இவ்வாறு பின்னிருந்து முன்னாகச் செல்லின், ஒவ்வொரு நாளும் வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளையுடையதாகும். இத்தகைய படிமுறைகளை நம் சென்னையிலேயே வகுத்துள்ளனர் என்பதைப் பலர் அறியார். பேராசிரியர் பெ. ஜெயச்சந்திரன் முதலியோர் அமைத்த 'மதராஸ் வளர்ச்சித் திட்ட முறை' என்பது பதினெட்டுத் துறைகளில் துறைக்கு இருபதாக முந்நூற்றறுபது திறன்களை எளிதிலிருந்து அரிதாக அடுக்கித் தருகின்றது. தியாகராய நகரில் 1989-இல் தோன்றிய மதுரம் நாராயணன் மையம், பிறந்தது முதற்கொண்டு சிசுக்களுக்குத் தாயின் துணையுடனே பயிற்சி தரும் 'உபநயன்' என்னும் திட்டத்தை நடத்தி வருகின்றது. சுரேகா ராமச்சந்திரன் அம்மையார் தமக்கு இத்தகைய மகள் பிறந்தமையால் தாமே இத்துறையைக் கற்று, பிற பெற்றோர்க்கும் துணையாகச் சென்னையில் டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பை நிறுவினார். முட்டுக்காட்டில் மத்திய அரசினரின் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் உள்ளது.

கல்விக்கு முன்னே உயிரைக் காத்தல் வேண்டும். இப்பிள்ளைகளுட் ஏறக்குறையப் பாதிப் பேர்க்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை உண்டு. வெளியே ஒன்றும் தோன்றாது. பால் குடிக்கையில் வியர்க்கும், விரைவில் களைக்கும். பிறந்தவுடன் எக்கோ என்னும் சோதனை செய்துவிடுதல் வேண்டும். பெரிய துளையாயின் ஓராண்டு நிறைவதற்குள் அறுவை செய்தல் நன்று. காலம் கடந்தால் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறி, அறுவையும் செய்ய இயலாத நிலை வந்துவிடும். "பிள்ளை இப்படி இருக்கிறது, அறுவைக்குச் செலவிட்டு என்ன பயன்?" என்று உறவினர் கூறக் கேட்டு வாளாவிருந்த ஓரில்லத்தை யாம் அறிவோம். அவ்வில்லத்தில் அப்பிள்ளை இன்றில்லை. வேலூர் நமக்கு அண்மையில் உள்ளது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உள்ளது. பிறவிக் குறையுடைய குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் அரசுத் திட்டத்தில் 2013 முதல் இந்நிலையும் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டுள்ளது. பணமில்லை என்பது இனி விடையாகாது. தைராய்டு சுரப்பியை ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். கண்ணையும் காதையும் மறத்தலாகாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாடுகளிலும் இவர்கள் பத்து வயதைக் கடப்பது அரிது. இன்று அங்கே அறுபது வயது வரை வாழ்கின்றனர். அத்துணையும் மருத்துவம் செய்த வேலை.

காது குறித்து நம் தெருக்களுக்கென ஒன்று சொல்வோம். இப்பிள்ளைகளின் நடுச்செவியில் நீர் தங்கிக் கேள்வி மந்தமாதல் மிகுதி. நம் இல்லங்களிலோ தறி கூடத்திலேயே உள்ளது. விடியல் தொட்டு நாடா ஓடும் ஓசை. தூளியில் கிடக்கும் மந்தச் செவிப் பிள்ளைக்குத் தாயின் சொல் எங்ஙனம் எட்டும்? தறி நிற்கும் வேளை பார்த்து, முகத்துக்கு நேரே அமர்ந்து, சிறு சிறு தொடராகப் பேசுங்கள். சொல்லோடு கைச்சைகையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சைகை காட்டினால் பேச்சு வாராது என அஞ்சற்க. பேச்சுக்கு அது பாலமாகும்.

முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர் ஒருவர், கூட்டத்திற்கு முன்னர் எம்மிடம், "இவ்வளவு படிப்பு எதற்கு? தார் சுற்றப் பழக்கினால் போதுமே" என்றார். அவர் சொல்லில் பாதி ஒப்புகின்றோம். தார் சுற்றுதல், பட்டுக் கழிகளை நிறம் பிரித்தல், முடித்த புடவையை மடித்தல் முதலியவை இவர்கள் கைக்கு நன்கு பொருந்தும் தொழில்கள். குலத்தொழில் அறிந்த பிள்ளை தெருவில் மதிப்போடு நடப்பான். ஆனால் பதினான்கு வயது நிரம்பாப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இராட்டையின் முன் அமர்த்துதல் முறையன்று. வளர்ந்த பின்னரும், கூலியில்லாமல் நாள் முழுதும் சுற்ற வைப்பது பயிற்சியாகாது. "அவனுக்குப் பணம் எதற்கு?" என்பார்க்கு யாம் கூறுவது, அவனுக்கும் தேநீர்க் கடைக்குப் போகும் ஆசை உண்டு. மற்றொரு புறம், ஸ்பெயின் நாட்டில் பாப்லோ பினேடா என்பவர் இந்நிலையுடையவராயிருந்தும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார் என்பதை அறிந்த சில பெற்றோர், தம் பிள்ளையையும் அவ்வாறே ஆக்குவோம் என்று ஓயாது வருத்துகின்றனர். அதுவும் வேண்டா. பிள்ளைக்குப் பிள்ளை ஆற்றல் பெரிதும் வேறுபடும்; நேற்றைய அவனோடு இன்றைய அவனை ஒப்பிடுக.

"எங்கள் பள்ளியில் சேர்க்க இயலாது" என்று யாரேனும் கூறினால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை தந்துள்ளது. பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, தேர்வு பெற்றோருடையது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர் உளர்; பள்ளிக்கு வர இயலாப் பிள்ளைக்கு வீட்டிற்கே வந்து கற்பிப்பர். அடையாள அட்டை பெறாதவர்க்கு இவற்றுட் பல எட்டா. நம் சங்கத்தார் மாவட்ட முகாமுக்கு நான்கு குடும்பங்களையேனும் ஒரு வண்டியில் அழைத்துச் சென்றால், ஆண்டு விழாவில் நாம் கட்டும் தோரணச் செலவுக்கும் குறைவாகவே ஆகும். பெற்றோர் காலத்திற்குப் பின் யார் காப்பர் என்னும் கவலைக்கும், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைந்த குழு பதினெட்டு வயது நிரம்பியோர்க்குக் காப்பாளரை நியமிக்கும்.

நம் சங்கம் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்ற மாணாக்கர்க்குப் பரிசளிக்கின்றது. பரிசுப் பட்டியலை வகுத்த குழுவில் யாமும் ஒருவராதலின் கூறுகின்றோம்: அப்பட்டியலில் இப்பிள்ளைகள் ஒருவர் பெயரும் ஒருநாளும் வந்ததில்லை, வருமாறு விதியும் எழுதவில்லை. இவ்வாண்டு விதியைத் திருத்துமாறு செயற்குழுவை வேண்டுகின்றோம். மேலும், மணப்பேச்சில் நடுநின்று பேசும் பெரியோர் பலர் இவ்வவையில் உள்ளீர்கள். "அவ்வீட்டில் ஒரு மாதிரியான பிள்ளை உண்டு" என்று காதோடு காதாகக் கூறும் வழக்கத்தை நீங்கள் நிறுத்தினாலன்றி, அந்தப் பாட்டியார் அறைக்கதவைத் திறவார்.

எம் பழைய மாணாக்கனைப் பற்றி இரண்டொரு சொல். இன்று அவன் இருபத்திரண்டு வயது இளைஞன். சென்ற தைத் திங்களில் அவன் இல்லம் சென்றோம். அவன் தாய் எம்மைப் பழிக்கவில்லை, பழித்திருந்தால் எளிதாயிருந்திருக்கும். அவன் கூடத்தில் அமர்ந்து பட்டுக் கழிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தான். எம் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றிய இரண்டு அரக்கு நிறங்களை அவன் வேறு வேறாக வைத்தான். எம்மைக் கண்டதும் எழுந்து, "சார், குடம்" என்று தன்னைச் சுட்டி நகைத்தான். யாம் இட்ட பெயரை அவன் மறக்கவில்லை. அன்று முதல் ஞாயிறுதோறும் அட்டைகளோடு செல்கின்றோம். இதுவரை பதினான்கு சொற்கள் படிக்கின்றான். 'தறி', 'தலை' இரண்டும் இன்னும் மயங்குகின்றன. அவன் அண்ணன் மகள், இரண்டாம் வகுப்புப் படிப்பவள், அருகிலிருந்து திருத்துகின்றாள். தன் பெயரில் முதல் இரண்டு எழுத்து எழுத வருகின்றது. மூன்றாவது எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னே வருவதால் கை குழம்புகின்றது; அதற்கு இன்னும் வழி காணவில்லை.

வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் நம் சங்கக் கட்டடத்தின் பின்னறையைத் திறந்து வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் வருமாறு கேட்டிருக்கின்றோம். பிள்ளையோடு தாய், தந்தை, பாட்டி யார் வரினும் நன்று. அண்டை வீட்டார் காணக் கூசுவோர் பின்வாயில் வழியாகவும் வரலாம், இப்போதைக்கு. அட்டையும் எழுதுகோலும் யாம் கொணர்வோம்.